அரிசிப்பல்

என் மனைவியின் பற்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னபோது, "எழுதுங்க, ஆனா பேரு கீரு போட்டுடாதீங்க. ஸ்கூல்ல எல்லாரும் படிப்பாங்க" என்றாள். அதனால் இதில் யாருக்கும் பெயர் கிடையாது.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவன். அவள் தாமல் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். தாவரவியல் படித்தவள். கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்துத்தான் வேலை கிடைத்தது. அதுவரை தறியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வை போட்டாள். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போகவேண்டும், அதுதான் கோர்வை. ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. ஒரு பக்கத்துக் கரைக்கு இன்னொருவர் உட்கார்ந்து ஊடை நூல் இருக்கும் நாடாவை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அந்த இடத்துக்கு என் அக்கா வந்தாள். அக்கா எங்களோடுதான் இருக்கிறாள்.

பெண் பார்த்தது திருப்புட்குழி கோயிலில். அவளுடைய சித்தி வீடு அந்த ஊர். பிராகாரத்தில் உட்கார்ந்து தொன்னையில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ வந்த ஆடு சித்தியின் தோள்பையில் தலையை விட்டு பூமாலையை இழுத்துக்கொண்டு ஓடியது. சித்தி ஆட்டின் பின்னால் ஓடினாள். அதுவரை தலை நிமிராமல் இருந்தவள் வாயைப் பொத்திக்கொள்ள மறந்து சிரித்துவிட்டாள். சின்னச் சின்னதாக, நெருக்கமாக, ஒரே அளவில் பற்கள். நான் வேறெதையும் சரியாகப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா கேட்டாள். "இன்னாடா, புடிச்சிருக்குதா?"

"பல்லு அரிசி மாரி இருக்குதுக்கா."

"பொண்ண பாத்தியா, பல்ல எண்ணிக்கினு இருந்தியா?"

அரிசிப்பல் என்பது நான் உண்டாக்கிய வார்த்தை இல்லை. குழந்தைக்கு ஈறைக் கிழித்துக்கொண்டு முதன்முதலில் எட்டிப் பார்க்கிற பல்லை எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். பெரியவர்களுக்குச் சின்னப் பல்வரிசை இருந்தாலும் சொல்வதுண்டு, ஆனால் அதில் கொஞ்சம் கேலி இருக்கும். என் வாயில் அது கேலி இல்லை. யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் மட்டும் அவளை அப்படிக் கூப்பிடுவேன். கோபமாக இருக்கும்போது "இன்னா அரிசிப்பல்லு" என்றால் பாதிக் கோபம் போய்விடும். மீதியை அவள் வைத்துக்கொள்வாள்.

போன வருடம் அவள் பள்ளிக்கு ஒரு தமிழாசிரியர் மாற்றலாகி வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் சின்னவர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஊரிலேயே ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். காலையில் அவள் ஏறும் பஸ்ஸில்தான் அவரும் ஏறுவார். இதையெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவளே சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"தமிழ் சார் இன்னைக்கு ஒண்ணு சொன்னாரு" என்றுதான் சாயங்காலம் ஆரம்பிக்கும். அந்த ஒன்று எப்போதும் எனக்குத் தெரியாததாக இருக்கும். அவருக்கு ழகரம் நன்றாக வருமாம். எங்கள் பக்கம் பழத்தைப் பயம் என்றுதான் சொல்வோம். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கடையிலிருந்து வந்து, "வாழைப்பழம் வாங்கினேன்" என்றாள். அந்த ழ எனக்கு எலும்பு வரைக்கும் போனது. மறுநாள் தறிக் குழியில் உட்கார்ந்து வாய்க்குள் வாழைப்பழம், வாழைப்பழம் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா எட்டிப் பார்த்து, "பசிக்குதாடா?" என்றாள்.

அவர்கள் இருவரும் சேர்ந்து பள்ளியில் ஒரு தோட்டம் போட்டார்கள். ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் அதன் பெயர், இலையின் வடிவம், விளிம்பு எப்படி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் ஒரு பலகை. செடி அவள் பொறுப்பு, தமிழ் அவர் பொறுப்பு. தினமும் ஒரு பிளாஸ்டிக் பையில் இலைகளோடு வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் செம்பருத்தி இலை கிடக்கும், வேப்பிலை கிடக்கும். லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டே சோறு பிசைவாள்.

"என்னாங்க, இத பாருங்க. ஓரத்துல பல்லு பல்லா இருக்குது தெரியுதா?"

"தெரியுது."

"பெருசா இருந்தா ரம்பப்பல்னு புக்குல போட்டிருக்குது. ரொம்ப குட்டியா இருக்குதே, இதுக்கு நுண்பல்னு ஒரு வார்த்தை இருக்குது. பசங்களுக்கு வாயில நிக்கல. ஒருத்தன் நூல்பல்லுன்றான், ஒருத்தன் நொண்டிப்பல்லுன்றான். சார் வேற வார்த்தை யோசிச்சிக்கினு இருக்காரு."

சார் யோசிக்கிறார் என்றதும் நானும் யோசிக்க ஆரம்பித்தேன். அதுவரை பல் என்றால் வாயில் இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு வீடு முழுக்கப் பல்லாகத் தெரிந்தது. சீப்புக்குப் பல், பூண்டுக்குப் பல், தேங்காய்த் துருவிக்குப் பல், சாவிக்குப் பல். பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சிலும் பல்தான். கொழுக்கட்டைப் பூரணத்துக்குத் தேங்காயை எப்படி நறுக்க என்று கேட்டால் அக்கா, "பல்லு பல்லா அரிடா" என்பாள். இவ்வளவு இருந்தும் இலை ஓரத்துச் சின்னக் கூருக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

பிறகு என் கண்ணெதிரிலேயே ஒன்று இருப்பதைப் பார்த்தேன். அப்போது தறியில் தாழம்பூ ரேக்கு வைத்த புடவை ஓடிக்கொண்டிருந்தது. கரையும் உடலும் சேரும் இடத்தில் வரிசையாகக் கூர் கூராக ஏறி நிற்குமே, அதை ரேக்கு என்போம். பார்த்தால் இலை ஓரம் மாதிரியே இருந்தது. அன்று அவள் வருவதற்குள் வாசலுக்கும் தறிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பையைக் கீழே வைக்கவும் விடாமல் இழுத்துப் போய்க் காட்டினேன்.

"ரேக்குன்னு வெச்சிக்கோ. நம்ம ஊரு வார்த்தை."

அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். "நாளைக்கி சார்கிட்ட சொல்றேன்" என்றாள். என்னிடம் இருந்து அவருக்கு ஒரு வார்த்தை போகிறது என்று நினைத்து அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நான் கேட்கும் வரை அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேட்டதும் தயங்கினாள்.

"ரேக்குன்னா இதழாம். தாழம்பூ ரேக்குன்னா தாழம்பூவோட இதழுன்னு அர்த்தமாம். தெலுங்குலயும் இதழுதானாம். இலை ஓரத்துக்குப் போயி இதழுன்னு வெச்சா பசங்க கொழம்பிடுவாங்கன்னாரு."

"நாங்க கூரைத்தான் ரேக்குன்றோம்."

"நீங்க சொல்றது தப்புன்னு அவர் சொல்லல. ரொம்ப அழகான வார்த்தைன்னுதான் சொன்னாரு."

அடுப்படியில் இருந்து அக்கா, "தகரத்தக் கூட ரேக்குன்றான் எதிர்வீட்டு தெலுங்குக்காரன்" என்று தன் பங்குக்குச் சொன்னாள். நான் எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன். அழகான வார்த்தையாம். வேண்டாத மாப்பிள்ளையைக்கூட நல்ல பையன் என்றுதான் சொல்லி அனுப்புவார்கள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். ஐந்தாவது படிக்கும் எங்கள் மகள் அவளுடைய போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு குரல் செய்தி வர, மகள் விரல் பட்டு அது பாட ஆரம்பித்தது. நல்ல கனமான ஆண் குரல்.

"டீச்சர், அரிசிப்பல் அருமையான வார்த்தை டீச்சர். காலையிலருந்து அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நாளைக்கே போர்டுல எழுதிருவோம்."

கடைசியில் ஒரு சிரிப்பு. மகள், "தமிழ் சாருப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் விளையாட்டுக்குப் போனாள்.

அந்த வார்த்தை அவருக்கு எப்படி வந்தது? இலையைப் பார்த்து வரவில்லை, இவள் சிரிக்கும்போது வாயைப் பார்த்து வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். தினமும் பஸ்ஸில் பக்கத்தில் நின்று பேசுகிறவர். நான் ஒரு தடவை பார்த்ததற்கே அந்த வார்த்தை வந்தது. அவர் மாதக்கணக்காகப் பார்க்கிறார். போனை வாங்கி அந்தச் செய்தியை மறுபடியும் போட்டேன். பல் என்கிற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் குழைகிறதோ என்று இன்னொரு தடவை போட்டேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் இன்னும் பேஜாராக இருந்தது.

அவள் இறங்கி வந்தாள். நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லும் பதிலோடு நான் குடித்தனம் நடத்தவேண்டும் என்று பயம்.

திங்கட்கிழமை தறியில் உட்கார்ந்தேன். நாடா ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். மத்தியானத்துக்கு மேல் அக்கா கையை நிறுத்திவிட்டாள்.

"டேய், இங்க பாரு. ரேக்கு ஒண்ணு குட்டையா நிக்குது."

பார்த்தேன். ஒரே உயரத்தில் ஏறி வந்த வரிசையில் ஒன்று மட்டும் முளைக்காத பல் மாதிரி பாதியில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு நெய்ததையெல்லாம் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. பட்டு இழையைப் பிரிப்பது நெய்வதைவிடக் கஷ்டம். அக்கா பொறுமையாகப் பிரித்துக்கொண்டே, "இன்னாடா ஆச்சு உனுக்கு? ஒரு வாரமா மூஞ்சே சரியில்ல" என்றாள்.

சொன்னேன். அக்கா வேலையை நிறுத்தவில்லை.

"அந்த வார்த்தைய இவ சொல்லியிருப்பாடா."

"இவ எதுக்கு சொல்றா?"

"போயி கேளு. என்னக் கேட்டா?"

இவள் சொல்லியிருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு முன்பைவிட மோசமாக இருந்தது. அவராகப் பார்த்துச் சொன்னார் என்றால் குற்றம் அவருடையது. இவளே எடுத்துக் கொடுத்தாள் என்றால்?

மறுநாள் அவள் லென்ஸை அலமாரியிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அது போதும். சட்டை மாற்றிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

தோட்டத்தில்தான் இருந்தார்கள். பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, உயரமான ஒருவர் ஒரு இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்திருந்தார். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அந்த முகம் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கோர்வை பழகியபோது என் கையைப் பார்த்த முகம்.

என்னைப் பார்த்ததும் அவள் திகைத்தாள். லென்ஸை நீட்டினேன். அதற்குள் அவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்கண்ணே, வாங்க! உங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். உங்க வார்த்தைதாண்ணே இப்ப இங்க ஓடுது."

"என் வார்த்தையா?"

"அரிசிப்பல். எங்க வீட்டுக்காரர் சொல்ற வார்த்தைன்னு டீச்சர்தான் சொன்னாங்க. அகராதியத் தேடுனா இப்படி ஒண்ணு கிடைக்குமாண்ணே?"

துளசிக்குப் பக்கத்தில் பலகை நட்டிருந்தது. 'இலையின் விளிம்பு: அரிசிப்பல் விளிம்பு' என்று வெள்ளை பெயின்டில் அழகான கையெழுத்து. அவர் பிள்ளைகளைப் பார்த்து, "இது என்ன விளிம்பு?" என்று கேட்டார். "அரிசிப்பல்லு!" என்று மொத்தப் பேரும் கத்தினார்கள். கோரைப்பல் விழுந்த ஒரு பெண் பிள்ளை எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நெசவைப் பற்றி நிறையக் கேட்டார். ரேக்கை ஒதுக்கியதற்கு வருத்தம் சொன்னார். நல்ல மனிதர் என்று கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் மோசமானவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

பள்ளி விட்டதும் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தாமல் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. எருமைகள் கரையேறிக்கொண்டிருந்தன.

"அத ஏன் அவர்கிட்ட சொன்னே?"

"எத?"

"தெரியாத மாரி கேக்காத."

அவள் வண்டியை விட்டு இறங்கி எருமைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "பசங்களுக்குப் புரியற வார்த்தை வேணும்னு ரெண்டு பேரும் மண்டைய ஒடச்சிக்கினு இருந்தோம். டக்குனு வாயில வந்துடிச்சி. வந்ததும் நாக்க கடிச்சிக்கினேன்" என்றாள்.

"அது நான் உன்ன கூப்புடறது."

"அத அவர்கிட்ட சொல்வேனா? பொண்ணுக்கு மொதப் பல்லு மொளச்சப்ப எங்க வீட்டுக்காரர் சொன்ன வார்த்தைன்னுதான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

எனக்கு உள்ளே ஏதோ ஒன்று இறங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அவரோட பேசறது உனக்கு அவ்ளோ புடிக்குதா?"

இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்தாள்.

"புடிக்கும்" என்றாள். "ஒரு இலையக் காட்டினா அவர் பாக்கறாரு. ஏன், எப்படின்னு கேக்கறாரு. நான் படிச்சத கேக்கறதுக்கு ஒரு ஆளு. உங்ககிட்ட காட்டினா தெரியுது தெரியுதுன்னு சொல்லிக்கினே சாப்புடுறீங்க. ரேக்கு சொன்னீங்களே, அன்னைக்கி மட்டுந்தான் நீங்க இலைய சரியா பாத்தீங்க. அதுவும் அவருக்குப் போட்டியா."

வண்டியை எடுத்தேன். வீடு வரும் வரை அவள் என் தோளில் கை வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வாயெடுத்தால் அத்தனை பிள்ளைகளும் கத்துவது காதில் கேட்டது. அவளும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கவில்லை. ஆனால் இலைகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். முதலில் வீம்புக்குத்தான். வேப்பிலை ஏன் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கிறது என்று கேட்டேன். அவள் சந்தேகமாக என்னைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள். சில நாட்களில் பதில் பிடித்துப்போய் அடுத்த கேள்வி தானாக வந்தது.

கோடை விடுமுறைக்கு முன்னால் அவருக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றல் கிடைத்தது. அவள் வந்து சொன்னபோது என் முகத்தில் சந்தோஷம் தெரியக்கூடாது என்று படாதபாடு பட்டேன். அக்கா என்னைப் பார்த்து, "இன்னைக்கி பாயசம் வெக்கட்டுமா?" என்றாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அவர் போன பிறகு அவள் இலைப் பையோடு வருவது நின்றுவிட்டது. சாயங்காலம் வந்து முகம் கழுவி, சோறு வடித்து, டிவி முன்னால் உட்கார்ந்தாள். நான் ஏதாவது கேட்டால் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு இப்போது அவள் மௌனத்தின் மேல் பொறாமை வந்தது. பேச்சிலாவது அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும். பேசாமல் இருக்கும்போது எங்கே வைத்திருக்கிறாள் என்று எப்படித் தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூ மார்க்கெட்டுக்குப் போன இடத்தில் ஒரு ஆள் தாழம்பூ வைத்திருந்தான். மடலோடு ஒன்று வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன். லென்ஸையும் வைத்தேன்.

"இதோட ஓரத்துல இருக்கறது பல்லா, முள்ளா?"

அவள் பார்த்தாள். முதலில் மடலை, பிறகு என்னை. டிவியை அணைத்தாள். முள் என்றுதான் பொதுவாகச் சொல்வோம், ஆனால் எப்படி முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது பாருங்கள் என்று லென்ஸை என் கையில் கொடுத்தாள். மகளும் வந்து எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் போன் மணியடித்து அவருடைய குரல் செய்தி வந்தது. ஊர் போனதிலிருந்து அப்படி எப்போதாவது வரும். இந்தத் தடவை அவள் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகவில்லை. என் எதிரிலேயே போட்டாள்.

"டீச்சர், இங்க புதுப் பள்ளியிலயும் தோட்டம் போட்டாச்சு. இலை மேல வெள்ளையா மெல்லிசா முடி மாதிரி இருக்குமே, அதுக்குப் பிள்ளைகளுக்குப் புரியற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்."

அவள் யோசித்தாள். நான் யோசிக்காமலே, "பூனைமுடி" என்றேன். கை மேல் இருக்கும் மெல்லிய முடியை அப்படித்தானே சொல்கிறோம்.

அவள் போனை என் பக்கம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

"நானா?"

"உங்க வார்த்தை. நீங்க சொல்லுங்க."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினேன். "சார், வணக்கம். பூனைமுடின்னு வெச்சா இன்னா சார்? பசங்களுக்கு டக்குனு புரியும்." அனுப்பிவிட்டு, குரல் எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டேன். நல்லாத்தான் இருந்தது என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவர் கேட்டுவிட்டாரா என்று அவளிடம் இரண்டு மூன்று தடவை பார்க்கச் சொன்னேன். ஒருவழியாகப் பதில் வந்தது.

"அண்ணே, நல்லா இருக்கு. கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொல்றேண்ணே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதுல இன்னா யோசிக்கறதுக்கு இருக்குது?" என்றேன். "நீ சொல்லியிருந்தா ஒடனே அருமைன்னு சொல்லியிருப்பாரு."

அவள் தாழம்பூ மடலைத் தலைமாட்டில் வைக்க எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சொல்லியிருப்பாரு" என்றாள்.